பூக்கிறது, காய்க்கவில்லை

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார். “அக்கா, நீங்கதானே ஞாயிற்றுக்கிழமை செடி கொடியப் பத்தி எழுதறது? எங்க வீட்டு மார்க்கிசா ரெண்டு வருஷமா பூவா பூத்துக் கொட்டுது. ஒரு காய் நிக்கல. என்ன உரம் போடலாம்?”

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அப்போதைக்கு, “உரம் போடாதீங்க, நான் எழுதறேன்” என்று மட்டும் சொல்லி வைத்தேன். இதே கேள்வியை ஓராண்டு முழுக்க நானும் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தவள். பதில் உர மூட்டையில் இல்லை என்று தெரிவதற்குள் எங்கள் வீட்டில் ஒரு சண்டை தீர்ந்தது. அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

முதலில் பெயர். நாம் இங்கே மலாய்க்காரர்களைப் போல மார்க்கிசா என்கிறோம். கடையில் பேஷன் புரூட். இலங்கைத் தமிழர்கள் கொடித்தோடை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கொடியில் காய்க்கும் தோடம்பழம். கொடைக்கானல் போனவர்கள் தாட்பூட் பழம் என்று வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். எல்லாம் ஒன்றுதான். பாசிஃப்ளோரா எடுலிஸ், தென் அமெரிக்கக் கொடி. பிரேசில், பராகுவே பக்கம் அதன் பிறந்த வீடு. அங்கே போன ஸ்பானிய பாதிரிமார்கள் பூவின் நடுவில் இருக்கும் மூன்று முடிகளை ஆணிகளாகவும், ஐந்து மகரந்தப் பைகளை ஐந்து காயங்களாகவும், சுற்றியுள்ள இழைகளை முள்முடியாகவும் பார்த்து, இயேசு பட்ட பாட்டின் பெயரை வைத்தார்கள். பேஷன் என்றால் அங்கே பாடுகள் என்று பொருள். நம்மவர்கள் அதே இனத்துப் பூவைப் பார்த்துச் சுற்றியுள்ள இழைகள் கௌரவர் நூறு பேர், உள்ளே இருக்கும் ஐந்து பஞ்சபாண்டவர் என்றார்கள். எங்கள் அம்மா இரண்டும் சொல்லமாட்டார். அவருக்கு அது “மணிப்பூ”. கைக்கடிகாரம் மாதிரி இருக்கிறதாம்.

அம்மா லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட குளியலறை. அதன் மேல்தான் இந்தக் கொடி படர்ந்திருந்தது. முதல் குச்சி துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்த ஒரு தாத்தா கொடுத்தது என்று அம்மா சொல்வார். கொடி நாலைந்து வருடத்தில் கிழடு தட்டிவிடும். தண்டு பெருத்து, காய் சிறுத்துப் போகும். அப்போது அம்மா நல்ல குச்சியாக ஒன்றை ஒடித்துப் பக்கத்திலேயே நட்டுவிடுவார். இப்படியே நான் பிறப்பதற்கு முன்னிருந்து அதே கொடி. எங்கள் லயத்தில் இன்னும் மூன்று வீடுகளில் கொடி இருந்தது. எதிர்லயத்து அத்தை வீட்டுக் கொடிதான் எல்லாவற்றிலும் பெரியது. அத்தை சொந்தமில்லை, அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டதால் எங்களுக்கு அத்தை.

ரப்பர் மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பால் குறையும், கைக்காசு குறையும். தோட்டமே மொட்டையாக நிற்கும் அந்த மாதங்களிலும் குளியலறைக் கூரை மேல் மட்டும் பச்சை மாறாது. இது இலை உதிர்க்காத கொடி. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும் அம்மா, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். அந்த நேரத்துக்குத்தான் பூவும் விரியும். சாயங்காலம் குளிக்கப் போனால் குளியலறை முழுக்க வாசம். ரப்பர் பால் புளித்த நாற்றம் ஊறிப்போன உடம்போடு உள்ளே போகும் அம்மா, கொஞ்சம் கூடுதல் நேரமாகத்தான் வெளியே வருவார். சோப்பு வாசம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழம் பறிக்கும் பழக்கமே கிடையாது. பழுத்தால் அதுவே விழும். ராத்திரி தகரத்தில் ‘டொம்’ என்று ஒரு சத்தம், பிறகு உருளும் சத்தம். யார் பக்கம் விழுகிறதோ அவர்களுக்கு. அந்தச் சட்டத்தில் நானும் தம்பியும் அத்தை பிள்ளைகளும் போட்ட சண்டைகளுக்கு அளவில்லை. ரப்பர் காட்டுக்குள் இன்னொரு சின்ன வகையும் உண்டு. வலை போட்ட மாதிரி பிசுபிசுப்பான உறைக்குள் மஞ்சள் கோலிக்குண்டு அளவுப் பழம். மலாய்ப் பிள்ளைகள் லெத்துப் என்பார்கள். அதுவும் இதே குடும்பம்தான். லாலான் புல்லை அடக்க அந்தக் காலத்தில் தோட்டங்களில் தரைமூடிப் பயிராக அதைப் படரவிட்டதுண்டு. பள்ளிவிட்டு வரும் வழியில் அதையும் விட்டுவைத்ததில்லை. இரண்டு வகையிலும் பழுக்காத காயை மட்டும் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். இலையிலும் பச்சைக் காயிலும் சயனைடு நஞ்சைத் தரும் பொருள் இருக்கிறது. பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும்.

1998-இல் சிப்பாங்கில் பெரிய விமான நிலையம் திறந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரம் எப்படி மாறியது என்பதை அந்த நெடுஞ்சாலையில் போகிற எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். முதலில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய்ச் செம்மண் வந்தது. எங்கள் தோட்டத்துக்கும் கடிதம் வந்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு என்பது தோட்டத்துச் சட்டம். இழப்பீட்டுப் பணம் வேண்டாம், வீடு கொடு என்று கொஞ்சம் பேர் நின்றார்கள். அம்மாவும் நின்றார். ஆனால் 2017-இல், எல்லாருக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு பகாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனது எதிர்லயத்து அத்தை குடும்பம். போகிற அன்று அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

நாங்கள் 2018 டிசம்பரில் கிளம்பினோம். வீடும் கிடைக்கவில்லை. லாரியில் கட்டில், பீரோ, சாமிப் படங்கள், அம்மாவின் ஆட்டுக்கல். கடைசியாக அம்மா மூன்று மைலோ டின்களைத் தூக்கிக்கொண்டு வந்து முன் சீட்டில் என் மடியில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி.

குச்சி எடுக்கும் முறையை அவரிடமிருந்துதான் படித்தேன். இளந்தளிரும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். பென்சில் பருமன், மூன்று நாலு கணு. கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மேலே ஒரு இலையை மட்டும் பாதியாக நறுக்கி விட்டுவிட்டு, மற்ற இலைகளையும் சுருள்பற்றுகளையும் கிள்ளிவிட வேண்டும். மணலும் மக்கும் கலந்து, டின்னின் அடியில் ஆணியால் நாலு ஓட்டை. நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். விதையிலிருந்தும் வளர்க்கலாம். புதுப்பழத்து விதை இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். காய்ந்த பழைய விதை உங்கள் பொறுமையைச் சோதிக்கும். பேரங்காடியில் விற்கும் கருஊதாப் பழத்தின் விதையைப் போட்டு ஏமாறாதீர்கள். அது குளிர்ப் பிரதேச வகை. கேமரன் மலைக்குச் சரி, நம் வெப்பத்தில் பெரும்பாலும் இலைக்காடாகத்தான் நிற்கும். நமக்கு மஞ்சள்தோல் பழம்.

சிரம்பான் டெரஸ் வீட்டில் பின்பக்கம் பத்தடிக்கு ஒரு மண் துண்டு இருந்தது. அதில் மூன்று குச்சிகளையும் வைத்தோம். கடையில் கம்பி வலை வாங்கிச் சுவரிலிருந்து துணி காயப்போடும் கம்பி வரை பந்தல் கட்டினேன். மண்ணை ஒரு முழம் உயர்த்தி மேடாக்கச் சொன்னது அம்மாதான். இந்தக் கொடி தண்ணீரை நன்றாகக் குடிக்கும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கவே கூடாது. தாமான் வீடுகளில் மண்ணுக்கடியில் கட்டட இடிபாடுகளைப் போட்டு மூடியிருப்பார்கள். மழை வந்தால் குளம். எத்தனையோ பேர் கொடி திடீரென்று வாடிச் செத்தது என்று எழுதுகிறார்கள், பாதிக்கு மேல் இதுதான் காரணமாக இருக்கும்.

கொடி வளர்ந்த வேகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2019 ஆகஸ்டில் முதல் பூ. அன்று அம்மா சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்து பந்தலுக்கும் காட்டினார். மறுநாள் பூ சுருங்கியது. அதற்கு மறுநாள் உதிர்ந்தது. அடுத்த பூவும் அப்படியே. தினம் பத்து, பதினைந்து பூ. காலையில் பின்வாசலைத் திறந்தால் தரையெல்லாம் சுருண்ட பூ.

அக்கம்பக்கத்து யோசனைகள் ஒவ்வொன்றாக வந்தன. சாம்பல் போடு, அரிசி கழுவின தண்ணி ஊத்து, தண்டில் ஆணி அடி, பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடு, கண்ணு பட்டிருக்கும். செருப்பைத் தவிர எல்லாம் செய்தேன். சரி, செருப்பும் கட்டினேன். பிறகு கடையில் உர மூட்டை ஒன்று வாங்கி, தழைச்சத்து அதிகமுள்ளதையே பார்த்துப் போட்டேன். இலை உள்ளங்கை அகலத்திலிருந்து தட்டு அகலத்துக்கு வந்தது. பூ குறைந்தது. தழைச்சத்து கூடினால் அப்படித்தான் ஆகும் என்பது பிறகு தெரிந்தது. இந்தக் கொடிக்குப் பூக்கும் பருவத்தில் வேண்டியது சாம்பல் சத்து. அந்த வகையில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் சாம்பல் யோசனை ஒன்றும் மோசமில்லை.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. அம்மா அந்தக் கொடியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். மாலையில் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்காருபவர், முன்வாசலுக்கு மாறினார். பிறகு அதுவும் இல்லை, அறைக்குள்ளேயே. ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இந்த மண்ணு நம்மள ஏத்துக்கல. காய்க்காத கொடி வீட்டுல நிக்கக் கூடாதும்மா. வெட்டிடு.” எழுபத்து மூன்று வயதில் அவர் கொண்டுவந்தது அந்த மூன்று டின்தான். நான் சரி என்றேன், வெட்டவில்லை. வார இறுதியில் வெட்டுகிறேன் என்று ஏழெட்டு வார இறுதிகளைத் தள்ளினேன்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வேலையெல்லாம் வீட்டிலிருந்து. அன்றுவரை இந்தப் பூ விரிவதை நான் தோட்டத்தை விட்டு வந்தபின் பார்த்ததே இல்லை. காலையில் மொட்டு, ராத்திரி வீடு திரும்பினால் சுருங்கிய பூ. இப்போது சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பார்த்தேன். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் மொட்டு வெடித்து விரிகிறது. மூன்று சூல்முடிகளும் முதலில் மேல்நோக்கி நிற்கின்றன. சுமார் ஒரு மணி நேரத்தில் அவை மெல்ல வளைந்து, மகரந்தப் பைகளின் உயரத்துக்கு இறங்குகின்றன. யாரோ வருவார்கள் என்று வாசலில் வந்து நிற்பதைப் போல. யாரும் வரவில்லை. சின்னத் தேனீக்கள் சில வந்தன. மகரந்தத்தைச் சுரண்டிக்கொண்டு போயின. அவற்றின் முதுகு சூல்முடிக்கு எட்டவே இல்லை.

பழத்தோட்டம் வைத்திருக்கும் பள்ளித் தோழன் ஒருவனுக்குத் தொலைபேசி செய்தேன். அவன் உரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “எத்தனை கொடி?” என்றான். மூன்று என்றேன். “எங்கேருந்து எடுத்த?” ஒரே கொடியில் அம்மா ஒடித்த குச்சிகள் என்றேன். சிரித்தான். “அப்ப உங்கிட்ட மூணு கொடி இல்ல. ஒரே கொடி மூணு எடத்துல நிக்குது.”

இதுதான் அந்தக் கல்யாண வீட்டுப் பெண்ணுக்கான பதில். மஞ்சள் வகைக் கொடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே பூவிலிருந்து எடுத்தாலும் சரி, அதே கொடியின் இன்னொரு பூவிலிருந்து எடுத்தாலும் சரி, அந்தக் கொடியில் ஒடித்து நட்ட குச்சியிலிருந்து எடுத்தாலும் சரி, சூல்முடி அதைத் தன்னுடையது என்று கண்டுகொண்டு தடுத்துவிடும். வேறு விதையில் பிறந்த, வேறு கொடியின் மகரந்தம் வேண்டும். கருஊதா வகைக்கு இந்தப் பிடிவாதம் பெரும்பாலும் கிடையாது.

அம்மாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. “தோட்டத்துல ஒரு கொடிதானே இருந்துச்சு?” என்றார். எங்கள் கூரையில் ஒன்று. எதிரே அத்தை வீட்டில் ஒன்று. கடைசி வீட்டில், கோயிலுக்குப் பக்கத்தில் என்று இன்னும் இரண்டு. அத்தனை வருடமும் எங்கள் கூரையில் விழுந்த ஒவ்வொரு பழமும் இன்னொரு வீட்டு மகரந்தத்தில் காய்த்தது. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. “அவ பழம் ஒரே புளிப்புன்னு எத்தன தடவ சொல்லிருப்பேன்” என்றார்.

மகரந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. லயத்து வீடு பலகை வீடு. உத்தரங்களில் விரல் பருமனுக்கு வட்டமாகத் துளைகள் இருக்கும். கருவண்டு குடைந்த துளைகள். வண்டு என்கிறோமே தவிர அது தேனீ இனம், காய்ந்த மரத்தைக் குடைந்து கூடு கட்டும் பெரிய தேனீ. முதுகு உயரம் அதிகம். தேன் குடிக்க உள்ளே நுழைந்தால் மேலே தொங்கும் பைகள் முதுகில் உரசி, அந்தப் பொடி அடுத்த பூவின் சூல்முடியில் ஒட்டும். இந்தப் பூவின் அமைப்பே அதன் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி. அம்மா அந்தத் துளைகளைச் சோப்பு வைத்து அடைப்பார். வீடு உளுத்துவிடும் என்று பயம். எங்கள் தாமானில் எல்லாம் செங்கல், சிமெண்டு, இரும்பு. கருவண்டு குடைய ஒரு காய்ந்த கட்டை கிடையாது.

நாற்றுப் பண்ணையில் பத்து வெள்ளிக்குள் வேறொரு கன்று வாங்கி நட்டால் விஷயம் முடிந்தது. உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். நானும் கிளம்பினேன். அம்மா தடுத்தார். “பகாவுக்குப் போன் போட முடியுமா பாரு.”

மூன்று வருடமாகப் பேசாத வீடு. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அத்தை மகனின் எண் இருந்தது. அழைத்து அம்மாவிடம் கொடுத்தேன். அந்தப் பக்கம் அத்தை, “யாரு?” என்றார். அம்மா நலம் விசாரிக்கவில்லை. “ஒங்கொடி வச்சிருக்கியா?” என்றார்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒலிபெருக்கி இல்லாமலே எனக்குக் கேட்டது. “வச்சிருக்கேன் அண்ணி. ஒரு குச்சிதான் கொண்டாந்தேன். பூவா பூக்குது. காயே இல்ல. பணம் வாங்கிட்டு வந்த பாவம்னு நெனச்சுக்கிட்டேன்.”

அம்மா தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

ஜூன் 10-இல் கட்டுப்பாடு தளர்ந்தது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். காலையிலேயே போனால் பயனில்லை, பூ மதியம்தான் விரியும். அதனால் வாழைத்தண்டு மாதிரி காத்திருந்து, பன்னிரண்டே முக்காலுக்கு எங்கள் கொடியில் விரிந்த பூக்கள் எட்டைக் காம்போடு பறித்து, ஈரத் துணி விரித்த டிபன் பெட்டியில் ஒன்றோடொன்று படாமல் வைத்தோம். புக்கிட் புத்துஸ் மலைச்சாலை ஏறி, கோலப்பிலா தாண்டி, பகாவ். அம்மா வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுகளில் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அத்தை வாசலில் நின்றார். இரண்டு பேரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். கட்டிக்கொள்ளவில்லை, அந்தச் சமயத்தில் யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அம்மா பெட்டியைத் திறந்து காட்டி, “சீக்கிரம் வா, வாடிரும்” என்றார்.

செய்முறை சுலபம். கொண்டுவந்த பூவின் ஐந்து பைகளையும் விரல் நுனியாலோ மென்மையான தூரிகையாலோ தொட்டால் மஞ்சள் பொடி ஒட்டும். அதை எதிர்க்கொடியின் பூவில் மூன்று சூல்முடிகளின் முனையிலும் தடவ வேண்டும். மூன்றிலும் தடவினால் பழத்துக்குள் விதை கூடும், விதை கூடினால் சாறு கூடும். சூல்முடி கீழே வளைந்த பூவாகப் பார்த்துத் தொடுங்கள். சில பூக்களில் அது வளையாமல் மேலேயே நிற்கும், அவை லேசில் காய்க்காது. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை நல்ல நேரம். தடவி ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் மழை பெய்தால் உழைப்பு வீண். மகரந்தம் ஈரம் பட்டால் வெடித்துவிடும். நம் ஊரில் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை கொட்டுவது நீங்கள் அறிந்ததுதான். மஞ்சள் பூ மதியம் விரிவதும் மழை நாலு மணிக்கு வருவதும் சேர்ந்தால் கருவண்டு இருந்தும் பயனில்லை. ஜூலை கொஞ்சம் வறண்ட மாதம். தெரிந்து போகவில்லை, அதிர்ஷ்டம்.

அத்தைக்குக் கண்ணில் புரை, பக்கத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அம்மாவுக்குக் கை நடுங்கும். அம்மா பூவைப் பிடித்துக்கொள்ள அத்தை தடவினாரா, அத்தை பிடிக்க அம்மா தடவினாரா என்று இப்போதும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் சமையலறையில் அத்தை மருமகளோடு தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இரண்டு பேரும் கையெழுத்து விவகாரத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கொஞ்சம் உயர்ந்தது. நான் போகவில்லை. திரும்பி வந்தபோது அத்தை தன் மகனின் மருத்துவச் செலவைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பணம் எதற்குப் போனது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

திரும்பும்போது பெட்டியில் அத்தை வீட்டுப் பூக்கள். மைலோ டின்னில் ஒரு குச்சியும். நாலரைக்கு சிரம்பான் வந்து, வண்டியை ஒழுங்காக நிறுத்தக்கூட விடாமல் அம்மா பின்பக்கம் போனார். பதினொரு பூ தொட்டோம். மூன்றாம் நாள் ஐந்து உதிர்ந்தன. ஆறு பூக்களின் அடியில் பச்சை மணி ஒன்று தெரிந்தது. ஒரு வாரத்தில் எலுமிச்சை அளவு. இந்தக் காய் முதல் இரண்டு, மூன்று வாரத்திலேயே முழு அளவு வந்துவிடும், பிறகு உள்ளே நிரம்பும். அந்தச் சின்ன வயதில் பழ ஈ குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து அடித்தால் வருகிற ஒன்றிரண்டு வண்டும் வராது. பழைய நாளிதழைக் கூம்பாகச் சுற்றிக் கட்டினோம். ஆமாம், இந்தப் பத்திரிகைதான்.

பூத்ததிலிருந்து பழுக்க அறுபதிலிருந்து எண்பது நாள். அதற்குள் அத்தை கொடுத்த குச்சி வேர்விட்டுத் துளிர்த்துவிட்டது. பகாவில் நாலு காய் நின்றதாகச் செய்தி வந்தது. தினமும் மதியம் இரண்டு பேரும் தொலைபேசியில். “எத்தன விரிஞ்சுது?” என்று ஆரம்பித்து எங்கெங்கோ போகும். நான் கூட்டத்தில் இருக்கிறேன் என்று சைகை காட்டினாலும் குரல் குறையாது.

செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, அம்மா என் அறைக் கதவைத் தட்டினார். மணி இரண்டு.

“விழுந்துருச்சு.”

எங்கள் பின்பக்கம் தகரக் கூரை கிடையாது. சிமெண்டுத் தரையில் விழுந்தால் பெரிய சத்தம் வராது. எப்படிக் கேட்டது என்றேன். முழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். சாக்கடை ஓரத்தில் உருண்டு கிடந்தது, நாளிதழ்க் கூம்போடு. நான் கத்தி எடுக்கப் போனேன். வேண்டாம், தோல் சுருங்கட்டும் என்றார். விழுந்த பழத்தை மூன்று நாள் வைத்திருந்தால் தோல் சுருக்கம் விழும், புளிப்பு அடங்கும். பளபளப்பாக இருக்கும்போதே அறுப்பவர்கள்தான் புளிக்கிறது என்று குறை சொல்வார்கள்.

மூன்றாம் நாள் அறுத்தோம். அம்மா ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, விதையை மென்று, கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அவ வீட்டுப் புளிப்பு இருக்கு” என்றார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

இப்போது பந்தலில் இரண்டு கொடிகள் பின்னிக் கிடக்கின்றன. எது யாருடையது என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழம் கொடுத்து முடித்த கிளைகளை வெட்டிவிடுகிறேன், புதுத்தளிரில்தான் பூ வரும். பழைய கட்டில் கால் ஒன்றைப் பின்வாசல் கூரைக்கடியில் மழை படாமல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு வருடம் சும்மாவே தொங்கியது. போன தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் கீழே தரையில் மரத்தூள் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் விரல் பருமனுக்கு ஒரு வட்டத் துளை.

அம்மா சோப்புக் கட்டியோடு வந்தார். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.